பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளி நாடாவை எறிய, மறுபக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். செவிலிமேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொழில் கைக்கு வருவது அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

கம்ப்யூட்டர் கம்பெனியிலும் அதே கதைதான். கல்லூரிப் படிப்பு இன்டர்வியூவோடு சரி. எழுதிய புரோகிராமில் பிழை காட்டுவது, வாடிக்கையாளர் கூட்டத்தில் பேச வைப்பது, அப்ரைசலில் என்ன எழுதலாம் என்று சொல்லித்தருவது எல்லாம் மூத்தவர் வேலை. 'மென்டர்' என்று ஒருவரைப் பெயருக்கு நியமித்தாலும், பாதி வழிகாட்டல் நடப்பது டீக்கடையிலும் சாப்பாட்டு மேசையிலும்தான். "எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?" என்ற கேள்வியும் அங்கேதான் வரும். தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது; 'கோட்டாவில் வந்தவர்' என்ற பேச்சு மட்டும் கூடவே வருகிறது.

அமெரிக்கா போனால் தீருமா? சிஸ்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தலித் பொறியாளரின் புகாரை வைத்து, 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. அவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார், புகார் செய்தபின் அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023-ல் அரசுத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். கலிபோர்னியா மசோதாவையோ ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார்.

வழிகாட்ட ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களே சாட்சி. பூங்காவில் படித்துக்கொண்டிருந்த மாணவனைக் கவனித்தவர் கெலுஸ்கர் என்ற ஆசிரியர். அவர் தலித் அல்ல. மாணவனுக்குத் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் வழிசெய்தார். மாதம் 25 ரூபாய்.

சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் நம் பிள்ளைகளில் பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் இப்போது இருக்கிறார்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று சிலர் ஊர்ப் பெயரையே சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த தெருப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காரலாமே. தாட்கோ பயிற்சியும் 'நான் முதல்வன்' திட்டமும் கம்பெனி வாசல்வரை கொண்டுபோய் விடுகின்றன. உள்ளே போன முதல் ஆறு மாதம் யாரைக் கேட்பது என்பதுதான் பிள்ளைகளின் திண்டாட்டம்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று: உங்கள் மென்டர் யார் என்று முதல் வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்; அப்ரைசல் நேரத்தில் கைகொடுக்கும்.