பச்சைக் குறியும் பேசும் பெட்டியும்

பெங்களூரு கிருஷ்ணராஜேந்திர சந்தை பொழுது புலர்வதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். சாமந்தியும் செண்டுமல்லியும் மூட்டை மூட்டையாக வந்திறங்க, கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்த குரல்களில் விலை பேசி முடிப்பார்கள். அச்சந்தைக்கு அண்மையில் இருந்த கிளையொன்றில் நாங்கள் பணியாற்றிய நாட்களில், பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒருவர் எங்கள் வாடிக்கையாளராக இருந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். கிளையில் தமிழ் பேசும் அலுவலர் எவரோ, நேரே அவரிடமே வந்து நிற்பார்.

2019ஆம் ஆண்டில் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை, கிளை திறந்தவுடன் அவர் வந்தார்.

"சார், நேத்து சாயங்காலம் ஆயிரத்து எண்ணூறு ரூபா வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தோம். வரவில்லை.

"பணம் அனுப்பினவரு போனைக் காட்டினாரே சார். பச்சையா டிக் போட்டிருந்துச்சு. என் பேரு கூட இருந்துச்சே!"

கணக்கு விவரத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தோம். அப்படியொரு தொகை வரவும் இல்லை. வரும் வழியில் நிற்கவும் இல்லை. கல்யாண மாலை இரண்டும் பூச்சரம் பல முழமும் வாங்கிச் சென்றவர் காட்டியது, பணம் செலுத்தியதைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலித் திரை. அன்றைய இலாபம் மட்டுமன்று, மறுநாள் பூ எடுக்க வைத்திருந்த முதலும் அதில் போயிற்று.

எல்லா வங்கி அலுவலர்களும் சொல்வதையே நாங்களும் சொன்னோம்: "அம்மா, அவர்கள் போனில் காட்டுவதை நம்பாதீர்கள். உங்கள் போனில் பணம் வந்ததா என்று பாருங்கள்."

அதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது. "ரெண்டு கையிலயும் நாரும் பூவும் ஈரமுமா இருக்குது. முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. எப்ப சார் போனை எடுத்துப் பாக்கிறது?"

எங்களிடம் மறுமொழி இல்லை.

சனிக்கிழமைக் கூட்டங்கள்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்பதை வாடிக்கையாளர்கள் அறிவார்கள். அவ்விடுமுறை நாட்களில் நாங்கள் இருவர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டிருந்தோம். கோரமங்களா, இந்திராநகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் ஆகிய பகுதிகளில் நடைபெறும் தொழில்நுட்பச் சந்திப்புகளுக்குச் சென்று பின்வரிசையில் அமர்வோம். ஏதேனும் ஒரு புத்தொழில் நிறுவனம் தன் அலுவலகக் கூடத்தைத் திறந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு திரை, ஓரத்தில் காப்பி, கழுத்தில் பெயர் அட்டையுடன் இளைஞர்கள். பொறியாளர் கூட்டத்தின் நடுவே வணிகவியல் படித்த நாங்கள், முதலில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தகைய கூட்டங்களுக்குச் சிறிய வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் 'பார்கேம்ப்' என்னும் கூட்டமுறை தோன்றியது. முன்கூட்டி வகுத்த நிகழ்ச்சிநிரலோ, அழைத்து வந்த பேச்சாளர்களோ அதில் இல்லை. வருபவர்களே பேச்சாளர்கள், பேச விரும்பும் பொருளைப் பலகையில் எழுதிவிட்டுப் பேச வேண்டியதுதான். அடுத்த ஆண்டே அம்முறை சென்னை, பெங்களூரு உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கும் வந்துவிட்டது.

புதிய கைப்பேசி ஒன்று வெளிவந்தால், அதை வாங்கியவர் அக்கூட்டங்களில் பெருமையுடன் எடுத்துக்காட்டுவார். கேமராவின் நுட்பம், மின்கலத்தின் ஆயுள், திரையின் தெளிவு எனப் பேச்சு நீளும். எனினும் ஒரு புதிய செயலியையோ கருவியையோ உருவாக்கியவர் மேடையேறினால், மூத்தவர் எவரேனும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "இது யாருடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது?" அக்கேள்விக்கு நேரான விடை கூற இயலாதவர்கள், எவ்வளவு அழகிய திரையைக் காட்டினாலும் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் காணப்படுவதில்லை.

வெற்றி பெற்ற நிறுவனங்களின் தொடக்கத்தை நோக்கினால் இது விளங்கும். 2005ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குச் செல்லப் பேருந்துச் சீட்டுக் கிடைக்காமல் பெங்களூரில் தங்கிவிட்ட பணீந்திர சாமா என்ற இளைஞர், மறு ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து 'ரெட்பஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தப் பேருந்தில் எந்த இருக்கை காலியாக உள்ளது என்னும் செய்தி முகவர்களிடம் சிதறிக் கிடந்தது. அது பயணியின் கைக்கு வரவில்லை. அதை வரச்செய்ததே அந்நிறுவனத்தின் பணி. 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய 'ஃபிளிப்கார்ட்', 2010ஆம் ஆண்டில் பொருளைப் பெற்றுக்கொண்ட பின் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. முகமறியாத கடைக்கு முன்பணம் செலுத்த அஞ்சிய மக்கள், பொருள் கைக்கு வந்த பின் பணம் கொடுக்கத் தயங்கவில்லை.

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. நம்புவதற்குரிய சான்று, அதற்காகக் காத்திருப்பவர் கைக்கே வந்து சேர்ந்தது.

பணம் செல்லும் வழி

பூக்கார அம்மாளின் இழப்பையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அதற்கு யுபிஐ இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

பாரத ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008ஆம் ஆண்டில் நிறுவிய அமைப்பு, என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். நொடிப்பொழுதில் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் சேவையை 2010ஆம் ஆண்டு தொடங்கிய அக்கழகம், அதன் தொடர்ச்சியாக உருவாக்கியதே யுபிஐ. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் அதனை மும்பையில் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் 21 வங்கிகள் இணைந்தன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்த யுபிஐ, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாதத்திற்கு 1,000 கோடியையும் கடந்தது.

ஒருவர் கடையின் கியூஆர் குறியீட்டைத் தம் கைப்பேசியால் படித்து, தொகையையும் இரகசிய எண்ணையும் இடுகிறார். அவ்வேண்டுகோள் என்பிசிஐ வழியே அவருடைய வங்கியை அடைகிறது. அவ்வங்கி இரகசிய எண்ணைச் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கிறது. பெறுபவரின் வங்கி வரவு வைக்கிறது. உறுதிச்செய்தி இருபுறமும் திரும்புகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். இதில் கைப்பேசிச் செயலி, வேண்டுகோளை எடுத்துச் செல்லும் வாயில் மட்டுமே. பணம் வங்கியிலிருந்து வங்கிக்கே செல்கிறது.

ஆகவே, செலுத்துபவரின் திரையில் தோன்றும் பச்சைக் குறி, அவருக்குத் தரப்பட்ட செய்தி. அது பெறுபவருக்குரிய சான்று அன்று. திரையை எவரும் வரைந்துவிடலாம். வங்கிக் கணக்கில் வரவை எவரும் வரைய இயலாது. விற்பவரோ ஈரக்கையுடன் நிற்கிறார். தமக்குரிய சான்றைப் பார்க்க நேரமின்றி, எதிரே நிற்பவரின் சான்றை நம்புகிறார். மோசடி நுழைந்த இடைவெளி இதுவே.

காது சும்மாதானே இருக்கிறது!

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், எங்கள் வழக்கத்திற்கு மாறாகப் பின்வரிசையிலிருந்து எழுந்து பூக்கார அம்மாளின் கேள்வியை அவையின் முன் வைத்தோம். கைப்பேசியையே தொட இயலாதவர், பணம் வந்ததை எவ்வாறு அறிவது? சிறிது நேரம் அமைதி. பின்னர் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அவருடைய கைதான் ஈரம், காது சும்மாதானே இருக்கிறது?"

அந்த ஆண்டுகளில் நாட்டின் பல இடங்களில் பலரும் இவ்வழியில் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். விரைவில் 'பேடிஎம்' நிறுவனத்தின் 'சவுண்ட்பாக்ஸ்' கடைகளில் காணப்பட்டது. பின்னர் 'போன்பே' உள்ளிட்ட நிறுவனங்களும் வங்கிகளும் இத்தகைய பெட்டிகளை வழங்கலாயின. இன்று தேநீர்க் கடை முதல் இளநீர் வண்டி வரை நாம் கேட்கும் குரல் அதுவே.

இப்பெட்டியின் உள்ளே வியப்பூட்டும் நுட்பம் எதுவும் இல்லை. ஒரு சிம் அட்டை, ஓர் ஒலிபெருக்கி, ஒரு மின்கலம், சில பொத்தான்கள். எல்லோரும் புதுப்புதுத் திறன்பேசிகளை வியந்துகொண்டிருந்த காலத்தில், திரையே இல்லாத ஒரு கருவி சந்தையை வென்றது! அதன் சிறப்பு, செய்தி வரும் வழியில் இருக்கிறது. பணம் செலுத்துபவரின் கைப்பேசிக்கும் இப்பெட்டிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பரிவர்த்தனை உறுதியான பின், சேவை வழங்கும் நிறுவனத்தின் கணினி பெட்டியிலுள்ள சிம் அட்டைக்குச் செய்தி அனுப்புகிறது. பெட்டி தொகையை அறிவிக்கிறது. எதிரே நிற்பவர் எந்தத் திரையைக் காட்டினாலும், பணம் வராவிடில் பெட்டி பேசாது. தமிழ், கன்னடம் என விரும்பிய மொழியில் அது பேசுவதால், எழுத்தறியாதவருக்கும் பயன்படுகிறது.

கடையின் கியூஆர் அட்டைமீது வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிடும் மோசடியும் இதனால் வெளிப்படும். வாடிக்கையாளர் உண்மையிலேயே பணம் செலுத்தியும் பெட்டி மௌனமாக இருந்தால், முதலில் அட்டையைப் பார்க்க வேண்டும்.

பெட்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

எந்தக் கருவியும் நம் விழிப்புணர்வுக்கு மாற்றாகாது. பெட்டி வாங்குவதற்கு முன்பும் பின்பும் சிலவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, பெட்டி பேசியதும் தொகை உடனே உங்கள் வங்கிக் கணக்கில் சேர்கிறதா, அல்லது நிறுவனம் பின்னர் மொத்தமாகச் செலுத்துகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள். இரண்டு முறைகளும் வழக்கில் உள்ளன. மறுநாள் முதலுக்குப் பணம் தேவைப்படும் சிறுவணிகருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

இரண்டாவது, பெட்டிக்கு மாத வாடகை இருக்கக்கூடும். அது எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து எவ்வாறு பிடிக்கப்படுகிறது, பெட்டியைத் திருப்பித் தந்தால் வாடகை எப்போது நிற்கும் என்பவற்றை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிக்னல் குறைந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ பெட்டி பேசாது. அப்போது உங்கள் செயலியிலோ வங்கியின் இருப்பு அறியும் சேவையிலோ சரிபாருங்கள். குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்ப முடியும் என்பதால், கணக்கு இருப்பே இறுதிச் சான்று.

நான்காவது, பெட்டியைச் சரிசெய்ய வந்ததாகக் கூறுபவரிடம் கைப்பேசியையோ இரகசிய எண்ணையோ ஓடிபியையோ தராதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

திறன்பேசி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சாதாரணக் கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்ப உதவும் 'யுபிஐ 123பே' சேவை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்டது. இணையவழி மோசடிக்கு ஆளாகிப் பணம் இழக்க நேர்ந்தால், காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். புகார் எவ்வளவு விரைவாக வருகிறதோ, பணம் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதலாகும்.

புதியதை எடைபோடும் முறை

மாதந்தோறும் புதிய செயலிகள் வருகின்றன. புதிய கருவிகள் கடைகளில் அடுக்கப்படுகின்றன. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று வாடிக்கையாளர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களில் கற்ற கேள்வியுடன், வங்கிப் பணியில் கற்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வோம். இது என்னுடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது? இதில் என் பணம் எங்கே தங்குகிறது? தவறு நேர்ந்தால் சான்று யார் கையில் இருக்கும்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் தயங்காமல் ஏற்கலாம். மூன்றாவதற்கு விடை இல்லையெனில், மற்றவை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சற்றுப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

பணியிட மாற்றத்தில் நாங்கள் பெங்களூரை விட்டு வந்து சில ஆண்டுகளாகின்றன. அண்மையில் ஒருநாள் அச்சந்தைப் பக்கம் செல்ல நேர்ந்தது. அம்மாள் அதே இடத்தில் அமர்ந்து சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். பூக்கூடைக்கு அருகில், நீர் தெளிக்காத தூரத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டி ஒன்று இருந்தது. ஒருவர் இருபது ரூபாய்க்குப் பூ வாங்கினார். பெட்டி பேசியது. தொடுத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"இப்ப ஏமாத்த முடியாதில்ல அம்மா?" என்றோம்.

"அதெல்லாம் சரிதான் சார்" என்றார் அவர். "ஆனா ராத்திரி வீட்டுக்குப் போனதும் பையனை விட்டுக் கணக்கைப் பாக்கச் சொல்லிட்டுத்தான் தூங்குவேன். பொட்டி சொல்றது ஒண்ணு, பேங்க் சொல்றது ஒண்ணுன்னு இருக்கக் கூடாதில்ல?"

நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஒரு முழம் மல்லிகை வாங்கினோம். பெட்டி அதையும் உரக்க அறிவித்தது.