மரக்கிளையில் தொங்கிய சோறு
கடல் வரை நடந்து – 7

அரையாண்டு விடுமுறையில் நானும் அக்கா மகனும் கூத்தாநல்லூரிலிருந்து கோடியக்கரைக்கு நடந்தே போகிறோம். ஆறு பகல், ஐந்து இரவு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். முதுகுப் பையில் என்னென்ன வைப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பையைப் பிரித்துக் கூடத்தில் பரப்பினோம். அக்கா மகன் கல்லூரி நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறி இறங்கியவன். 3,800 மீட்டர் உயரம், டிசம்பர் பனி, இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும் குளிர். அங்கே கற்றுக்கொண்ட பட்டியலை அப்படியே கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எழுதினான்.

“மாமா, டென்ட் ரெண்டு கிலோ. ஸ்லீப்பிங் பேக் ஒன்றரை. அடுப்பும் கேஸும் ஒரு கிலோ. இதுலயே நாலரை ஆயிடுச்சு.”

“டென்ட்டை எங்க அடிப்ப?”

“ஆத்தங்கரையிலதான்.”

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “மார்கழி மாசம் ஆத்தங்கரையில படுத்தா பூச்சி பொட்டு சும்மா விடுமா? தெரிஞ்சவங்க வீடு ஒண்ணு கூடவா இல்ல?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முன்பு இந்தப் பக்கம் நடந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்று பார்க்க, அன்றிரவே வேதாரண்யம் உப்பு யாத்திரை பற்றி வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பாதையில் மன்னார்குடியும் திருத்துறைப்பூண்டியும் வேதாரண்யமும் வருகின்றன. மூன்றுமே அந்த யாத்திரை நடந்துபோன ஊர்கள். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுப் பைக்குத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். இன்று புதன்கிழமை இரவு. கட்டுரை நாளைக் காலையில் போயாக வேண்டும். நான் இன்னும் 1930-லேயே இருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று, ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். வழிநடைப் பாட்டை நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை எழுதிக்கொடுத்திருந்தார். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். 150 மைல், 15 நாள். நாளுக்குப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். நாங்கள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒத்திகை நடந்து, கால் வலித்து, கடைசியில் வந்து நின்ற எண்ணும் இதே 16 தான். எங்கள் கணக்கில் மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர். ஐந்து நாள் பதினாறு பதினாறாக நடந்து, ஆறாம் நாள் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு மிச்சப் பத்து. சாதாரண மனிதர் மறுநாளும் எழுந்து நடக்கக்கூடிய தூரம் அது என்று தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே நடந்து காட்டிவிட்டார்கள்.

என்னை இந்த வாரம் தூங்கவிடாமல் செய்தது தூரமல்ல, சாப்பாடு. நூறு பேருக்குப் பதினைந்து நாள் சோறு. இதைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது. வழியிலுள்ள ஊர்கள் போட வேண்டும். அப்போது தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக இருந்த ஜே.ஏ. தார்ன் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். நடப்பவர்களை வழியிலேயே அடித்து நிறுத்துவதைவிட, அவர்களுக்குச் சோறும் திண்ணையும் கிடைக்காமல் செய்தால் யாத்திரை தானாக ஓய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவைக் காட்டி, துண்டறிக்கை அச்சடித்து, பத்திரிகையில் போட்டு, ஊர் ஊராகத் தமுக்கடித்தும் சொன்னார்கள்.

அதற்கு டெல்டாக்காரர்கள் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சோற்றைப் பொட்டலம் கட்டிப் பாதையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாற உட்கார்ந்தால், பெரிய பாத்திரங்களில் சாப்பாடு எங்கே புதைத்துவைத்திருக்கிறது என்று துண்டுச் சீட்டு கிடைக்கும். போட்டவர் யார் என்று போலீஸுக்குத் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. கிளையில் தொங்குகிற சோற்றுக்கு யாரைக் கைது செய்வது? வெளிப்படையாகவே வீட்டில் இடம் கொடுத்துச் சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஆனால் பெயர் தெரியாமல் கிளையில் கட்டிவிட்டுப் போனவர்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். விடிவதற்கு முன் எழுந்து உலை வைத்து, வடித்து, இலையில் கட்டி, இருட்டில் ரோட்டோரம் நடந்து போய், எட்டும் உயரத்தில் ஒரு கிளையைத் தேடியிருப்பாள் ஒருத்தி. அவளும் அந்த யாத்திரையில் நடந்தவள்தான்.

எங்கே கொண்டுபோய் இந்தத் தடையைப் போட்டார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நடந்து வருகிறவருக்குச் சோறு போடுவதை அரசாங்க வேலையாகவே செய்த ஜில்லா இது. ராமேஸ்வரம் போகும் சாலையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் சத்திரமாகக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802-இல் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம். வந்தவருக்குச் சாப்பாடு, படுக்க இடம், நோய்ப்பட்டால் மருந்து. அந்த ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்து 128 வருஷம் கழித்து, அதே தஞ்சாவூர் ஜில்லாவில், வழிப்போக்கனுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று ஒரு கலெக்டர் சொல்கிறார். சட்டம் அவர் கையில் இருந்தது. ஊரின் பழக்கம் அதைவிடப் பழையது, அது மரமேறிக்கொண்டது.

வேதாரண்யம் வரை வந்துவிட்டதால் வைரப்பனைச் சொல்லாமல் போக மனமில்லை. அங்கே முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஒருவருக்குப் பாதி சவரம் செய்திருக்கும்போது, அவர் சத்தியாக்கிரகிகளை அடிக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை மடித்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். மீதியைச் செய்து முடிக்கும்படி கோர்ட்டில் சொன்னபோது, தன் சவரப் பெட்டியை நீதிபதி முன்னால் நீட்டி, நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் சிறை. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஐந்தாம் நாள் மாலை அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பது என்று திட்டத்தில் எழுதியாகிவிட்டது. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். ஊரில் யாத்திரையின் முழுப் பொறுப்பையும் தோளில் தாங்கிய சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார். 1946-இல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் அங்கே நடக்கிறது. ஆறாம் நாள் காலையில் அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைத் தாண்டித்தான் கோடியக்கரைச் சாலையில் போக வேண்டும்.

அவர்கள் நடந்தது சித்திரை வெயில். எங்களுக்கு மார்கழி. அதனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர்களைப் பின்பற்றினாலும் மற்றதை வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. டெல்டாவின் மார்கழியில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. இரவில் 20, 21 டிகிரி. ஒரு போர்வை போதும். இங்கே குளிர்காலம் என்றால் ஈரம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நிற்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28 வரை திறந்திருப்பதால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும். சம்பா கதிர் வாங்கும் நேரம், வயலெல்லாம் தண்ணீர். மழையே இல்லாத நாளிலும் விடியற்காலைப் பனியில் புல்லில் நடந்தால் முழங்கால் வரை நனையும்.

போன மாத ஒத்திகையில் இதை உடம்பால் தெரிந்துகொண்டேன். வெண்ணாற்றங்கரையில் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைப் பார்க்கப் போனபோது, குறுக்கு வழி என்று வரப்பில் இறங்கினேன். களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டது. காலை இழுத்தால் நான் வந்தேன், செருப்பு வரவில்லை. பையோடு வயலில் உட்கார்ந்துவிட்டேன். மாற்றுச் சட்டை, போர்வை, நோட்டு எல்லாம் சேறு. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தவர், கரையேறி வந்து, “ரோட்டு மேலயே போங்க தம்பி, இது தெரிஞ்ச காலுக்குத்தான்” என்றார். அப்புறம் தன் தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு நீட்டினார். அன்று அதை உதவி என்று மட்டும் நினைத்தேன். இந்த வாரம் படித்த பிறகுதான், அந்தத் தூக்குவாளிக்கும் 1930-இன் மரக்கிளைக்கும் உள்ள உறவு புரிகிறது.

ஆகவே மூன்று முடிவுகள். வரப்பு வேண்டாம், சாலையும் நல்ல ஆற்றங்கரையும் மட்டும். இரண்டாவது, பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரம்தான் என்பதால் காலை ஏழுக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் ஊர் சேர்வது. மூன்றாவது, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்னால் பயணத்தைத் தள்ளிவைப்பது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையேறியது. சாய்ந்த தென்னைகளை எண்ணிப் பார்த்த ஊர்களுக்குள் நடக்கப்போகிறோம். அங்கே வானத்தோடு வீம்பு கூடாது.

இப்போது பை. டென்ட்டும் அடுப்பும் பரணில் ஏறிவிட்டன. அக்கா மகனுக்கு வருத்தம்தான். இமயமலையில் அவன் உயிரைக் காத்த சாமான்கள் அவை. பனிமலையில் கதவைத் தட்ட வீடு கிடையாது, அதனால் வீட்டையே முதுகில் சுமக்க வேண்டும். டெல்டாவில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஊர். இங்கே வீட்டைச் சுமந்து போனால், போகிற ஊரையெல்லாம் நம்பாமல் கடந்து போகிறோம் என்றுதான் பொருள். பையின் எடையைக் குறைப்பது எப்படி என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரை நம்பி நடக்கிறோம் என்பது முடிவானால் எடை தானாகக் குறைகிறது.

சாமான் பட்டியல் ஒட்டியிருந்த சுவரில் நேற்று வேறு பட்டியல் ஒட்டினோம். முதல் இரவு மன்னார்குடி: அக்காவின் நாத்தனார் வீடு. இரண்டாம் இரவு கோட்டூர்: என்னோடு படித்தவர், நெல் வியாபாரி, போனிலேயே “எத்தனை பேருக்கு உலை வைக்கணும்?” என்று கேட்டார். மூன்றாவது திருத்துறைப்பூண்டி: எங்கள் தெரு டீக்கடைக்காரரின் சம்பந்தி வீடு. நான் கேட்கவே இல்லை. பேச்சை ஓரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவராகவே எழுதிக்கொடுத்தார். ஐந்தாவது வேதாரண்யத்தில் ஒரு விடுதி. அக்கா தன் பங்குக்கு தம்ரூட் இனிப்பு செய்து தருகிறாள், தங்கும் வீடுகளில் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று. அதை மட்டும் எடை போட விடவில்லை.

நாலாவது இரவு தகட்டூர்ப் பக்கம். அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒரு திண்ணை, இரண்டு பேர், ஓர் இரவு.

பைக்குள் என்ன வைப்பது என்பதை அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன்.