ஃபெஞ்சல் நிவாரணம்: ஹெக்டேருக்கு ரூ.17,000-ன்னா விவசாயி கைக்கு எவ்வளவு?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதன் பிறகும் சட்டென்று நகராததால் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. 2,11,139 ஹெக்டேர் வேளாண், தோட்டக்கலை நிலங்கள் நீரில் மூழ்கியதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். டிசம்பர் 3-ல் நிவாரண அறிவிப்பும் வந்தது. தலைப்புச் செய்தியில் பெரிதாகத் தெரிந்த தொகை, வயலில் எவ்வளவு ஆகிறது?

அறிவித்தது என்ன?

33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமாகியிருந்தால் நிவாரணம் உண்டு. நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிப் பயிர்களுக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிர்கள், மரங்களுக்கு ரூ.22,500. மாடு, எருமை இறந்தால் ரூ.37,500, ஆடு என்றால் ரூ.4,000.

ஏக்கர் கணக்கில்?

ஊரில் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய ரூ.6,880 வரும். மானாவாரி ஒரு ஏக்கருக்கு ரூ.3,440. அரை ஏக்கர்தான் இருக்கு என்றால் அதிலும் பாதி. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு குறைவு?

அரசு விதிகளில் இதன் பெயரே 'இடுபொருள் மானியம்'. அடுத்த முறை விதை, உரம் வாங்கக் கைகொடுக்கும் தொகை இது. அழிந்த விளைச்சலின் விலையை ஈடுகட்டுவது இதன் வேலை இல்லை. ஹெக்டேருக்கு அறிவித்த தொகைகள், மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த அதே அளவுகள்தான். மத்திய விதிப்படி ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான் கணக்கு.

இந்த நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25 சதவீதம். டிசம்பர் 6-ல் மத்திய அரசு விடுவித்த ரூ.944.80 கோடியும் தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு வரவேண்டிய பங்குதான். புயலுக்கென்று தனியாகக் கொடுத்தது அல்ல.

33 சதவீதம் என்று யார் சொல்வது?

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அல்லது தோட்டக்கலைத் துறையினரும் சேர்ந்து வயலைப் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை தேவைப்படும். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்பதைச் சொல்வது அடங்கல். வயலில் மரவள்ளி, அடங்கலில் தரிசு என்று இருந்தால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். மரவள்ளியில் இன்னொரு பிரச்சினையும் உண்டு: மேலே இலை பச்சையாக நிற்கும், மண்ணுக்குள் கிழங்கு அழுகிக்கொண்டிருக்கும்.

கல்வராயன் மலையில் கூடுதலாக என்ன சிக்கல்?

இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக உழும் நிலங்களில் பட்டா இல்லாதவையும் உண்டு. சாமை, மரவள்ளி எல்லாம் பெரும்பாலும் மழையை நம்பித்தான். ஆக, குறைந்த தொகைதான் கிடைக்கும். காகிதம் இல்லை என்றால் அதுவும் சந்தேகம்.

இதற்கு ஒரு சட்ட வழி இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிரிடும் பழங்குடியினருக்கு, 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. விண்ணப்பத்தைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். சமவெளியில் குத்தகைக்கு உழுபவருக்கும் இதே கதைதான். குத்தகைப் பதிவு இல்லாவிட்டால் பணம் பட்டாதாரர் பெயருக்குப் போய்விடும்.

காப்பீடு இருந்தால் போதாதா?

அது வேற கணக்கு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆண்டு வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். ஆனால் இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலை வைத்து வராது. அந்தப் பகுதியின் சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். ஊர் முழுக்க விளைந்து உங்கள் வயல் மட்டும் போயிருந்தால், கைக்கு ஒன்றும் வராமலும் போகலாம். அதே நேரம், நிவாரணம் வாங்கியவர் காப்பீடும் கோரலாம்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

அடுத்த பருவமழைக்கு முன்பே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஆன்லைனில் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் மாற்ற விண்ணப்பியுங்கள். விதைத்ததும் அடங்கலில் பயிர் ஏறியதா என்று கேளுங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கட்டும். வெள்ளம் வந்தால், தண்ணீர் வடிவதற்குள் தேதியோடு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் வயல் காய்ந்துவிடலாம்.