வருடத்தில் ஒரு நாள் வியாபாரம்

போன மாதம் ஒரு நாள் இரவு, கடையைப் பூட்டுவதற்கு முன் அன்றைய கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்தேன். தங்கச்சியின் மகன் வந்து கல்லாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, பன்னிரண்டு இலட்சம் வேணும். ஒரு வருசத்துல திருப்பித் தாறன்."

என்ன வியாபாரம் என்று கேட்டேன். ரெஸ்ல்மேனியா என்றான். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பனி வருடத்துக்கொரு முறை நடத்தும் பெரிய மல்யுத்த நிகழ்ச்சி அது. 2027இல் அதை சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடத்தப் போவதாக 2025 செப்டெம்பரில் அறிவித்தார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே அது போவது இதுவே முதல் தடவை. "நம்மட பொடியன்கள் எல்லாரும் அதத்தான் பேசப் போறாங்க மாமா. இப்பவே ரீசேர்ட் அடிச்சு வச்சா அள்ளலாம்" என்பது மருமகனின் கணக்கு. ரீசேர்ட் ஒன்று அடிக்க 900 ரூபா, விற்பது 1,500 ரூபா. 2,000 ரீசேர்ட்டுக்கு 18 இலட்சம். கையில் ஆறு இலட்சம் வைத்திருக்கிறான். இலாபம் 12 இலட்சம் என்று கடதாசியில் எழுதியே கொண்டு வந்திருந்தான்.

உடனே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இதே பொருளில் நானும் ஒரு முறை கையைச் சுட்டுக் கொண்டவன்.

2004, 2005 காலம் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் மல்யுத்தம் ஓடும். பிள்ளைகள் வீரர்களின் படம் போட்ட கார்ட்களை வைத்து வீதியெல்லாம் விளையாடினார்கள். நான் புறக்கோட்டையில் பெட்டி 240 ரூபாவுக்கு 300 பெட்டி எடுத்தேன். மொத்தம் 72,000 ரூபா, அதுவும் ஒரு மாதக் கடனுக்கு. முதல் இரண்டு வாரத்தில் 90 பெட்டி போனது. மூன்றாவது வாரம் எங்கள் ஊர்ப் பாடசாலையில் கார்ட் கொண்டு வரக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். அவர்கள் செய்ததில் பிழையில்லை. மிச்சம் 210 பெட்டி என் கடைத் தட்டில் தூசி பிடித்தது. 50,400 ரூபாவை வேறு சாமான் விற்றுத்தான் கட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. அதே மல்யுத்தத்தை விற்று அவர்கள் கோடீஸ்வரரானார்கள். அதை விற்ற நான் ஏன் கடன்காரனானேன்?

அவர்கள் எப்படி விற்றார்கள்?

வின்ஸ் மெக்மஹோன் என்பவர் 1982இல் தன் தகப்பனிடமிருந்து மல்யுத்தக் கம்பனியை விலை கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு முதலாளி. நம் ஏஜென்சிக்காரர்கள் ஒருவர் ரூட்டுக்குள் மற்றவர் லொறியை விடாதது போல, அவர்களும் எல்லை தாண்டுவதில்லை. மெக்மஹோன் அந்த ஒப்பந்தத்தை உடைத்தார். மற்றவர்களின் வீரர்களைக் கூடிய சம்பளத்துக்கு எடுத்தார், அவர்களின் ஊர்த் தொலைக்காட்சியிலேயே தன் நிகழ்ச்சியைப் போட்டார். பல பழைய முதலாளிமார் கடையை மூடினார்கள். இதை நான் நல்ல காரியமென்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1985 மார்ச் 31ஆம் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குயார் கார்டனில் முதலாவது ரெஸ்ல்மேனியா நடந்தது. ஹல்க் ஹோகனும் நடிகர் மிஸ்டர் டீயும் ஒரு பக்கம், ரொடி பைப்பரும் போல் ஓர்ன்டோர்ஃபும் மறு பக்கம். குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியையே நடுவர்களில் ஒருவராகக் கொண்டு வந்தார்கள். மண்டபத்துக்குள் சுமார் 19,000 பேர். ஆனால் காசு அங்கு மட்டும் இருக்கவில்லை. வேறு ஊர்களின் அரங்குகளில் பெரிய திரை கட்டி, டிக்கெட் போட்டு, நேரடியாகக் காட்டினார்கள். அப்படிப் பார்த்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். பிறகு வீட்டு டீவியிலேயே ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு விலை கட்டிப் பார்க்கும் முறை பரவியது.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. அக்காலத்தில் வாரா வாரம் டீவியில் காட்டிய சண்டைக்குப் பார்ப்பவன் தனி விலை கட்டவில்லை. அதில் ஒருவன் துரோகம் செய்வான், மற்றவன் சபதம் எடுப்பான். கதை முற்றி வரும் நேரம், "முடிவு ரெஸ்ல்மேனியாவில்" என்பார்கள். அந்த ஒரு நாளுக்குத்தான் விலை. மாதக்கணக்கில் வாடிக்கையாளனைத் தயார்படுத்தி விட்டே கல்லாவைத் திறந்தார்கள். நாமோ பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போது துணி இறக்கி விட்டு, சனம் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

சண்டையின் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது என்பதையும் அவர்கள் மறைத்துக் கொண்டிருக்கவில்லை. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரச கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடுவதற்காக, இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று 1989இல் நியூஜேர்சி மாநில சட்டசபையிடம் கம்பனியே சொன்னது. எல்லோரும் வியாபாரம் படுத்து விடும் என்றார்கள். படுக்கவில்லை. வாங்குபவனுக்கு என்ன பொருள் என்று தெரிந்தே வாங்கினான்.

அவர்களும் விழுந்தார்கள்

எல்லாம் வெற்றியென்று நினைக்க வேண்டாம். 2001 மார்ச்சில் தன் பெரிய போட்டிக் கம்பனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வை மெக்மஹோன் வாங்கினார். அதே வருடம் அவர் பங்காளியாகச் சேர்ந்து தொடங்கிய கால்பந்துத் தொடர் ஒரே பருவத்தோடு மூடப்பட்டது. மல்யுத்தம் தெரிந்தவனுக்கு எல்லா வியாபாரமும் தெரியும் என்றில்லை.

2014இல் இன்னொரு துணிச்சல். அதுவரை ரெஸ்ல்மேனியாவை வீட்டில் பார்க்க 50 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். அந்த வருடம் பெப்ரவரியில் இணைய வழிச் சேவை தொடங்கி, மாதம் 9.99 டொலருக்கு எல்லாவற்றையும் கொடுத்தார்கள். ஒரு நாள் இலாபத்தை விட்டு, மாதா மாதம் வரும் சிறு வருமானத்தைப் பிடித்தார்கள். மே மாதத்தில் கம்பனிப் பங்கின் விலை ஒரே நாளில் 40 வீதத்துக்கும் மேல் விழுந்தது. ஆனாலும் தாக்குப் பிடித்தார்கள். 2023இல் யூ.எஃப்.சி. நிறுவனத்தோடு சேர்ந்து டி.கே.ஓ. என்ற ஒரே குழுமமானார்கள். 2025 ஜனவரியிலிருந்து அவர்களது வாராந்த நிகழ்ச்சி நெட்பிளிக்ஸில் வருகிறது. பத்து வருடத்துக்கு 500 கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம். சவூதியும் 2018இலிருந்து ஒப்பந்தம் போட்டு நிகழ்ச்சிகளை அழைக்கிறது. அந்த வருடம் ஏப்ரலில் ஜித்தாவில் தொடங்கியது.

மெக்மஹோன், தான் மறுத்த பாலியல் குற்றச்சாட்டுகளோடு ஒரு வழக்கு வந்ததும், 2024 ஜனவரியில் பதவி விலகினார். முதலாளி போனார். பெயர் நின்றது.

விடை அதுதான். அவர்கள் விற்பது தங்களுக்குச் சொந்தமான பெயரை. வீரர்களின் வேடம், இலச்சினை, பாட்டு எல்லாமே பதிவு செய்த சொத்து. நான் 2005இல் விற்றது இன்னொருவனின் பெயரை. அதன் சூடு எப்போது ஏறும், எப்போது ஆறும் என்பது என் கையில் இருக்கவில்லை.

மருமகனிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி.

"மகன், அந்த இலச்சினையப் போட உனக்கு அனுமதி இருக்கா?"

"இல்ல மாமா. எல்லாரும் போடுறாங்கதானே."

"எல்லாரும் போட்டா களவு ஹலாலாகுமா? நம்மட நாட்டுலயே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. நாளைக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தா 18 இலட்சம் சாமானையும் எங்க வைப்பாய்?"

அவன் பேசவில்லை. இரண்டாவது கேள்வி, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மிஞ்சும் ரீசேர்ட்டை யார் வாங்குவார் என்பது. 1,200 விற்றால் போட்ட 18 இலட்சம் திரும்பும். மிச்சம் 800தான் இலாபம். 1,000 மட்டும் விற்றால் மூன்று இலட்சம் கையைக் கடிக்கும். கடதாசியை அவன் பக்கம் திருப்பி, அதையும் எழுதச் சொன்னேன்.

பன்னிரண்டு இலட்சம் கொடுக்கவில்லை. நான்கு இலட்சம் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. ஊரில் கிரிக்கெட், உதைபந்தாட்டக் கழகங்கள் இருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களிடம் பாதிக் காசு முற்பணம் வாங்கி, அவர்களின் பெயரையே போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் மருமகனின் சொந்தப் பெயர் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்யும் செலவும் என்னுடையது.

இதுவரை இரண்டு கழகங்களுக்கு 46 ஜேர்சி கொடுத்திருக்கிறான். காசும் கைக்கு வந்து விட்டது. ஆனால் இன்னும் என்னைக் காணும் போதெல்லாம், "மாமா பயந்துட்டீங்க, ரியாத் மெட்ச் வரட்டும் பாருங்க" என்கிறான்.

இருக்கலாம். அந்த 210 பெட்டியில் ஒன்றை இன்னும் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அவன் வரும் போது அதை இறக்கிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.