கூட்டுச் சல்லி செல்லாத கணக்கு

சோலார் பெனலில் இருப்பது சிலிக்கன் என்ற குறைகடத்தி. அதில் கட்டுண்ட இலத்திரன் ஒன்று விடுபட்டு ஓட 1.12 இலத்திரன்வோல்ற்று சக்தி வேணும். ஒளியோ போட்டன் எனும் பொட்டலங்களாக வருகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான். 1240ஐ நனோமீற்றரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு போட்டனின் சக்தி இலத்திரன்வோல்ற்றில் வரும். சிவப்பு ஒளி 700 நனோமீற்றர்: 1.77. போதும், மிச்சம் வெப்பமாகப் போகும். செந்நிறக்கீழ்க் கதிர் 1300 நனோமீற்றர்: 0.95. போதாது.

“வெளிச்சத்தைக் கூட்டினா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டினால் போட்டன்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றின் சக்தியும் அப்படியேதான். சாதாரண வெயிலில் ஒரு இலத்திரன் ஒரு போட்டனைத்தான் வாங்கும். இரண்டு போட்டன் சேர்ந்து சல்லி போட ஏலாது. இது விளங்காமல் சூத்திரத்தை மட்டும் பாடமாக்கினால், விடை சரியாக வரும், பௌதிகம் வராது.