பெண் பார்த்த நாளும் திருநாள்தான்!

கல்யாண நாளை எல்லாரும்தான் கொண்டாடுகிறோம். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய நாள் ஒன்று உண்டு. அது இவர் என்னைப் பெண் பார்த்த நாள்.

நான் பத்தாவது வரை படித்த உறையூர்ப் பெண். வாக்கப்பட்டது ஸ்ரீரங்கத்தில். 14 வருஷத்துக்கு முன் உறையூர் கமலவல்லி நாச்சியார் கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். அன்று பங்குனி ஆயில்யம், நாச்சியாரின் நட்சத்திரம். ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் காவிரியைத் தாண்டி வந்து, நாச்சியாரோடு சேர்த்தியாகக் காட்சி தரும் நாள். அந்தக் கூட்டத்தில் இவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தண்ணி வேணுமா?" என்பதுதான்!

தேதி மாறலாம், நட்சத்திரம் மாறாதே. வருஷா வருஷம் பங்குனி ஆயில்யத்தன்று நாங்கள் இருவர் மட்டும் உறையூர் போய்ச் சேவிப்போம். எனக்கு ஒரு முழம் மல்லிகை, ஆளுக்கொரு காபி. அவ்வளவுதான் கொண்டாட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதற்கும் ஒரு சோதனை வந்தது. இவர் விரலில் கல்யாண மோதிரத்தைக் காணோம். கேட்டதற்கு, "அம்மா மண்டபத்துல குளிக்கும்போது நழுவிடுச்சு" என்றார். நானும் நம்பி, இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். அடுத்த வாரம் துவைக்க எடுத்த சட்டைப்பையில் அடகுக்கடை ரசீது!

நான் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டேன். ஆயில்யத்தன்று, "கிளம்பலியா?" என்று வந்து நின்றார். "தலைவலி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். தனியாகவே போய்வந்து, மல்லிகைப் பூவை சாமி படத்தருகே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் பங்குனி உத்திரம். "வாம்மா, மட்டையடி பார்த்துட்டு வரலாம்" என்று மாமியார் என்னைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார். உறையூர் போய்வந்த பெருமாளை உள்ளே விடாமல் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊடல் உற்சவம் அது. பூப்பந்தும் வெண்ணெயும் வந்து விழும். இரண்டு பேருக்காகவும் வாக்குவாதத்தை வாசிப்பார்கள். பெருமாள் சொல்லும் சாக்கு என்ன தெரியுமா? மோதிரம் தொலைந்து போச்சாம், தேடப் போனாராம்! கூட்டம் சிரித்தது. பல வருஷமாகக் கேட்டதுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

தாயார் லேசில் விடவில்லை. கண் ஏன் சிவந்திருக்கு, தலை ஏன் கலைந்திருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்த பிறகே கதவு திறக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தாயாருக்கும் பெருமாளுக்கும் சேர்த்தி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாயார் கதவைச் சாத்தினாரே தவிர, வாயைச் சாத்தவில்லை. நானோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைப் பூட்டிவிட்டேன்!

அன்று ராத்திரி ரசீதை அவர் முன்னால் வைத்துக் கேட்டேன். தலைகுனிந்தார். "தங்கச்சி பிரசவச் செலவுக்குப் பணம் பத்தலை. சொன்னா, நீ உன் வளையலைக் கழட்டிக் குடுத்துடுவே. அதான் சொல்லலை" என்றார்.

"மோதிரம் போனது பெரிசில்லீங்க. பொய் சொல்லி என்னை அன்னியமாக்கிட்டீங்களே, அதுதான் தாங்கலை" என்றேன். வாடிப்போன அந்த மல்லிகையைத்தான் அன்று தலையில் வைத்துக்கொண்டேன்.

சிறுகச் சிறுகச் சேர்த்து, போன தை மாதம் மோதிரத்தை மீட்டுவிட்டோம். ஆயில்யக் கொண்டாட்டத்தில் இப்போது புதிதாக ஒரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. உறையூர் போகும் வழியில், அந்த வருஷம் மறைத்ததை ஆளுக்கொன்று சொல்லிவிட வேண்டும். இந்த முறை அவரை வாய்பிளக்க வைத்தது, எனது ரகசியச் சீட்டு!

தோழிகளே, கல்யாண நாளுக்கு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாளை மட்டும் உங்கள் இருவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு முழம் பூதான். மனசில் இருப்பதைக் கேட்கவும் சொல்லவும் ஒரு நாள் கிடைக்குமே!

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.