கூந்தல் கழுவுதற்கு ஷாம்பு இன்றியமையாததா?

தமிழாசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றில் ஓர் ஆசிரியை நம்மிடம் வினா ஒன்றை முன்வைத்தார். மரபுவழி வாழ்வியலைக் கற்பிக்கும்போது, சீயக்காய் இயற்கையானது, ஷாம்பு வேதிப்பொருள், ஆகவே அது வேண்டாதது என்று மாணவர்களுக்குச் சொல்லி வருவதாகவும், சீயக்காயில் வேதிப்பொருள் இல்லையா என்று மாணவன் ஒருவன் திருப்பிக் கேட்டபோது தம்மால் விடை கூற இயலவில்லை என்றும் அவர் தெரிவித்தார். வினா சிறிது, அதன் விளைவு பெரிது. மரபைப் பற்றி நாம் வகுப்பறையில் கூறும் ஒரு கருத்து கேள்விக்கு முன் நில்லாதுபோயின், மாணவன் மரபு முழுவதையுமே ஐயுறத் தலைப்படுவான். ஆதலின் இவ்வினாவைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலில் சொல்லைக் காண்போம். ஷாம்பு எனும் சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கும் மலாய்மொழிக்கும் வந்தது. ஆங்கிலத்திற்கோ அது இந்தியாவிலிருந்து சென்றதாகும். அழுத்து, பிடித்துவிடு எனப் பொருள்படும் 'சாம்போ' என்னும் இந்தி ஏவல் வினையே அதன் மூலம். 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி, 'ஷாம்பூயிங்' என்ற பெயரில் உடல்பிடித்தலை வழங்கியவர். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களும் அவருடைய பணியைப் பெற்றனர். அவர் காலத்தில் அச்சொல் கைத்தொழில் ஒன்றையே குறித்தது. தலைமுடி கழுவுதல் என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் அதனோடு சேர்ந்தது. செயற்கைச் சலவைப்பொருளால் ஆகிய ஷாம்பு 1930களில் சந்தைக்கு வந்தது. நாம் இன்று இன்றியமையாததெனக் கருதும் புட்டியின் வயது நூறாண்டுகூட நிரம்பவில்லை என்பது இதனால் பெறப்படும்.

அதற்கு முன் மாந்தர் தலைகழுவாமல் இருந்தனரா? சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலை ஆட்டிப் பின்னர்ப் புகையால் உலர்த்திய செய்தி இடம்பெறுகிறது. அஃது ஆடல்மகளின் ஒப்பனை. எளிய குடும்பங்களின் வழக்கமாக அதனைக் கொள்ளலாகாது. எளியோருக்குச் சீயக்காயும், பூவந்திக்கொட்டையும், கொங்கு நாட்டார் பெரிதும் விரும்பும் அரப்பும் (உசிலை இலைத்தூள்), செம்பருத்தி இலையும், வடித்த கஞ்சியும் இருந்தன. மலாய்க்காரர் வழக்கிலும் 'லீமாவ் பூருட்' எனப்படும் எலுமிச்சை வகை தலைகழுவப் பயன்பட்டு வந்துள்ளது. நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் தீபாவளி விடியலில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளுமாக நிகழ்ந்த தலைமுழுக்கை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

இனி, கழுவுதல் என்பது யாது எனக் காண்போம். தலைத்தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள் இடைவிடாது எண்ணெய்ப்பசையைச் சுரக்கின்றன. அது முடிக்குக் காப்பாகும். மிகின், தூசியையும் வியர்வை உப்பையும் பற்றிக்கொள்ளும். வியர்வையையும் உப்பையும் வெறும் நீர் கரைத்துவிடும். தூசியிலும் ஒரு பகுதி நீரோடு போகும். எண்ணெயை மட்டும் நீர் முற்றாக நீக்காது. அதற்கு, ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும் மூலக்கூறு ஒன்று தேவை. ஷாம்பில் அப்பணியைச் செய்வன சோடியம் லாரைல் சல்பேட்டும் அதன் இனத்தனவும். சீயக்காயிலும் பூவந்திக்கொட்டையிலும் அதே பணியைச் செய்வது சப்போனின் என்னும் பொருள். அம்மாணவன் கேட்டது சரியே: சீயக்காயும் வேதிப்பொருளால்தான் தூய்மை செய்கிறது. வேறுபாடு வலிமையில் உள்ளது. பொதுவாகச் சப்போனின் மென்மையாக எண்ணெயை நீக்கும். வலிய சலவைப்பொருளோ தோலுக்குத் தேவையான பசையையும் சேர்த்தே எடுத்துவிடக்கூடும். எடுத்த பசைக்கு ஈடாக மற்றொரு புட்டியை விலைகொடுத்து வாங்கிப் பூசிக்கொள்வது நம் காலத்து விந்தைகளுள் ஒன்று.

சவர்க்காரம் இவ்விரண்டிற்கும் ஈடாகுமா எனின், ஆகாது. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு நாம் இலண்டனில் தங்கியிருந்தபோது, கொண்டுசென்ற சீயக்காய்த் தூள் தீர்ந்துவிட, சில நாள் சவர்க்காரத்தால் தலைகழுவினோம். முடி பிசுபிசுத்து, சீப்பில் வெண்படிவு ஒட்டியது. இலண்டன் நீர் கால்சியம் மிக்க கடினநீர். சவர்க்காரம் அதனோடு சேர்ந்து கரையாப் படிவாகிவிடுகிறது. அன்றியும், சவர்க்காரம் காரத்தன்மையுடையது. தலைத்தோலோ சற்றே அமிலத்தன்மை வாய்ந்தது. சவர்க்காரமிட்டபின் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரால் அலசும் பழக்கத்தின் காரணத்தை நாம் அங்குத்தான் உணர்ந்தோம்.

ஷாம்பு இடுவதை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் தலைத்தோல் தானே எண்ணெய்ச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்று கூறுவாரும் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அச்சுரப்பைப் பெரிதும் ஆள்வன ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர்கள். பருவ வயதில் அது மிகுவதும் முதுமையில் குறைவதும் அதனாலேயே. எத்தனை நாளுக்கொருமுறை கழுவ வேண்டும் என்பதற்கும் பொதுவிதி இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டில் திடலில் விளையாடிவரும் மாணவனுக்கு நாள்தோறும் தேவைப்படலாம். வறண்ட, சுருண்ட முடியுடையார்க்கு வாரத்தில் ஒருநாளே போதியதாகலாம். எண்ணெய் தேய்க்கும் வழக்கமுடையாரோ வெறும் நீரோடு நிற்றல் இயலாது. நம் முன்னோர் வழக்கில் எண்ணெயும் சீயக்காயும் இணைந்தே வந்தமை இங்கு நோக்கற்பாலது.

ஒரு விலக்கை அழுத்திக் கூறல் வேண்டும். பொடுகு, மலசேசியா என்னும் பூஞ்சையோடு தொடர்புடையது. அப்பூஞ்சை தலையின் எண்ணெய்ப்பசையை உண்டே வாழ்வது. பொடுகு கண்ட தலையில் மரபின் பெயரால் எண்ணெயை ஊறவைப்பது அதற்கு உணவிடுவதாக முடியும். ஆங்குக் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பு உண்மையிலேயே பயன் தருவது. சீயக்காயும் குற்றமற்றதன்று. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தூள் மூக்கில் ஏறின் தும்மல் வரும். இவற்றை மறைத்துவிட்டு மரபைப் புகழ்தல் ஆசிரியருக்கு அழகன்று.

அவ்வாசிரியைக்கு நாம் பரிந்துரைத்தது இதுவே. மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் சில துளி நல்லெண்ணெய் விடுக. ஒன்றை அப்படியே வைத்து, ஒன்றில் சீயக்காய் ஊறிய தெளிநீரையும் மற்றொன்றில் ஒரு துளி ஷாம்பையும் சேர்த்துக் குலுக்கச் செய்க. முதற்புட்டியில் எண்ணெய் விரைவில் மேலே வந்து மிதக்கும். மற்ற இரண்டிலும் நுரை எழுந்து நீர் கலங்கி நிற்கும். அதன்பின் சீயக்காய், அரப்பு, பூவந்தி ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதலாம்.